ஐந்து மீட்டர் கம்பத்தில் 40 மீட்டர் பேண்டு: லோடிங் காயிலுக்கு எத்தனை சுற்று?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வேளச்சேரியில் மூன்று மாடிக் குடியிருப்பு. மொட்டை மாடியில் ஐந்து மீட்டருக்கு மேல் கம்பம் நிறுத்தக் குடியிருப்போர் சங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. ஹாம் ரேடியோவில் (அமெச்சூர் வானொலியில்) 7 மெகாஹெர்ட்ஸில், அதாவது 40 மீட்டர் பேண்டு எனும் அலைவரிசையில் பேச வேண்டும். 20 மி.மீ. அலுமினியக் குழாயில் வெர்ட்டிகல், அதாவது செங்குத்தாக நிற்கும் ஆன்டெனா கட்டி, நீளம் குறைவதை லோடிங் காயில் என்ற கம்பிச்சுருள் போட்டு ஈடுகட்டலாம் என்று யோசிக்கிறீர்கள். கேட்டது மூன்று: எத்தனை சுற்று, கம்பத்தில் எந்த இடத்தில் வைப்பது, கம்பி எத்தனை கேஜ்.

மூன்றுக்கும் எண்ணோடு பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேட்காத நாலாவது கேள்வி ஒன்று இருக்கிறது: ஆன்டெனாவுக்குத் தரை, அதாவது மின்னோட்டம் திரும்பி வரும் வழி, எங்கே? காயிலைப் பற்றி நாம் படும் கவலையில் பாதியைத் தரைமேல் பட்டிருந்தால் சென்னை மொட்டை மாடிகளிலிருந்து இன்னும் நிறைய பேரின் குரல் கேட்டிருக்கும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்தியாவில் நமக்கு 40 மீட்டரில் 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரை இடம். நடுவில் 7.1 என்று வைத்துக்கொண்டால் அலைநீளம் 42 மீட்டர் சொச்சம், அதில் கால்பங்கு பத்தரை மீட்டர். நடைமுறையில் சுமார் 10 மீட்டர் போதும். உங்களிடம் இருப்பது அதில் பாதி. கால் அலைநீளத்துக்குக் குட்டையான கம்பத்தை அடியிலிருந்து பார்த்தால் அது ஒரு கெப்பாசிட்டர் போலத்தான் தெரியும். 20 மி.மீ. தடிமன், 5 மீட்டர் உயரம் என்றால் அந்தக் கெப்பாசிட்டிவ் ரியாக்டன்ஸ், அதாவது மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு, கணக்குப்படி 385 ஓம் வருகிறது. அதே அளவு இண்டக்டிவ் ரியாக்டன்ஸை எதிராக வைத்தால் இரண்டும் கழிந்துபோகும். காயிலின் வேலை அவ்வளவுதான். கம்பத்தின் காணாமல் போன நீளத்தை அது திருப்பித் தருவதில்லை. டிரான்ஸ்மிட்டர் மின்னோட்டம் அனுப்பத் தோதாக வழி மட்டும் திறந்துவிடுகிறது.

385 ஓம் என்பது 7.1 மெகாஹெர்ட்ஸில் 8.6 மைக்ரோஹென்றி. காயிலைக் கம்பத்தின் அடியில் வைத்தால் தேவைப்படுவது இது. இதையே நடுவில், இரண்டரை மீட்டர் உயரத்தில் வைத்தால் காயிலுக்கு மேலே இருக்கும் துண்டு குட்டையாகிவிடுகிறது. அதன் ரியாக்டன்ஸ் 800 ஓமைத் தொடுகிறது. கீழ்த்துண்டு தன் பங்குக்கு 120 ஓம் தருகிறது. மீதி 680 ஓமைக் காயில் கொடுக்க வேண்டும். அது 15.3 மைக்ரோஹென்றி. இன்னும் மேலே, நாலு மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோனால் 33 மைக்ரோஹென்றி. மேலே போகப் போகக் காயில் வேகமாகப் பெருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

அப்படியிருக்க ஏன் மேலே கொண்டுபோக வேண்டும்? கம்பத்தில் மின்னோட்டம் எப்படிப் பரவியிருக்கிறது என்பதில் இருக்கிறது காரணம். கம்பத்தின் நுனியில் மின்னோட்டம் பூஜ்யம். காயில் அடியில் இருந்தால் அடியிலிருந்து நுனி வரை மின்னோட்டம் கிட்டத்தட்ட நேர்கோடாகச் சரிந்துகொண்டே போகும். காயில் நடுவில் இருந்தால் கீழ்ப்பாதி முழுக்க மின்னோட்டம் பெரிதாகக் குறையாமல் ஓடி, காயிலுக்கு மேலேதான் சரியத் தொடங்கும். வானொலி அலை பிறப்பது மின்னோட்டம் ஓடும் உலோகத்திலிருந்து. ஆகவே நிறைய மின்னோட்டம் நிறைய நீளத்தில் ஓடினால் கதிர்வீச்சு மின்தடை, அதாவது மின்சக்தி அலையாகிப் போவதைக் காட்டும் ஓம் கணக்கு, உயரும். உங்கள் கம்பத்தில் அடிக்காயில் என்றால் அது சுமார் 6 ஓம். நடுக்காயில் என்றால் 12 ஓமை ஒட்டி வரும். நாலு மீட்டரில் வைத்தால் பதினைந்தரை.

இனிக் காயிலைக் கட்டுவோம். சுற்று எண்ணிக்கைக்கு ஹெரால்ட் வீலர் 1928இல் வெளியிட்ட சூத்திரமே இன்றைக்கும் போதும். நீளம் விட்டத்தில் பாதிக்குக் குறையாத காயிலுக்கு அது ஒரு சதவீதப் பிழைக்குள் நிற்கும். அவர் அங்குலத்தில் கொடுத்ததைச் சென்டிமீட்டருக்கு மாற்றிச் சொல்கிறேன். விட்டத்தின் வர்க்கத்தைச் சுற்று எண்ணிக்கையின் வர்க்கத்தால் பெருக்குங்கள். விட்டத்தை 46ஆலும் காயிலின் நீளத்தை 102ஆலும் பெருக்கிக் கூட்டி, முந்தைய எண்ணை இதனால் வகுத்தால் விடை மைக்ரோஹென்றியில் கிடைக்கும்.

ஹார்டுவேர் கடைகளில் 63 மி.மீ. பிவிசி குழாய் சாதாரணமாகக் கிடைக்கும். அதன்மேல் 2 மி.மீ. கம்பி சுற்றினால் கம்பியின் மையத்திலிருந்து மையத்துக்கு விட்டம் 6.5 செ.மீ. சுற்றுக்குச் சுற்று ஒரு கம்பித் தடிமன் இடைவெளி விடுங்கள். அதாவது 4 மி.மீ.க்கு ஒரு சுற்று. 20 சுற்றுக்குக் காயில் நீளம் 8 செ.மீ. விட்டத்தின் வர்க்கம் 42.25, சுற்றின் வர்க்கம் 400, பெருக்கினால் 16,900. கீழே 299ம் 816ம் சேர்ந்து 1,115. வகுத்தால் 15.2 மைக்ரோஹென்றி. நடுக்காயிலுக்கு வேண்டியது இதுதான். அடிக்காயில் போடுவதானால் இதே குழாயில் 13 சுற்று போதும்.

22 சுற்று சுற்றிக்கொண்டு பிறகு குறையுங்கள். கணக்கில் வராத சங்கதிகள் உண்டு: பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியின் இரும்புத் தாங்கி, மாடிக் கைப்பிடி, கொடிக்கம்பி. நடுக்காயிலில் ஒரு சுற்றைக் குறைத்தால் ஒத்ததிர்வு அதிர்வெண் ஏறக்குறைய 180 கிலோஹெர்ட்ஸ் தாவிவிடும். ஆகவே காயிலை வைத்து நுட்பமாக டியூன் பண்ண முயலாதீர்கள். மேல்குழாயின் உச்சியில் 8 மி.மீ. அலுமினியக் கம்பி ஒன்றைச் செருகி, வெளியே இழுத்தும் உள்ளே தள்ளியும் சரிசெய்யுங்கள். ஒரு சென்டிமீட்டர் நீட்டினால் சுமார் 15 கிலோஹெர்ட்ஸ் இறங்கும். கைக்கு அடங்கும் வேலை.

கம்பிக்கு ரிச்சி தெருவில் அலைய வேண்டாம். மோட்டார் ரீவைண்டிங் கடைக்குப் போய் 14 கேஜ் எனாமல் கம்பி என்று கேளுங்கள். 2 மி.மீ.தான் அது. எடை போட்டுத் தருவார்கள். 22 சுற்றுக்கு நாலரை மீட்டர், இணைப்புக்கும் சேர்த்து ஐந்து மீட்டர் வாங்கினால் போதும். நான் முதல்முறை போனபோது கடைக்காரர் “என்ன ஹெச்பி மோட்டாருங்க?” என்று கேட்டார். மோட்டார் இல்லை, ஆன்டெனா என்றேன். “டிவிக்கா?” என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். சில விளக்கங்களுக்குக் கடை வாசல் சரியான இடம் இல்லை.

இதைவிடத் தடித்த கம்பி போடலாமா? போடலாம், லாபம் சொற்பம். இந்த அதிர்வெண்ணில் மின்னோட்டம் கம்பியின் மேல்தோலில்தான் ஓடுகிறது. காயிலின் தரத்தைக் காட்டும் கியூ மதிப்பு, ஒழுங்காகக் கட்டிய காயிலில் 250 அளவுக்கு வரும். அப்படியென்றால் நடுக்காயிலின் இழப்பு மின்தடை 680ஐ 250ஆல் வகுக்க 2.7 ஓம். கியூவைக் கெடுப்பது பெரும்பாலும் கம்பியின் கேஜ் இல்லை, கட்டும் விதம். சுற்றுகளை ஒட்டி ஒட்டி நெருக்கிச் சுற்றுவது, ஊசி மாதிரி நீளமான ஒல்லிக் காயில், காயிலுக்குள்ளே அலுமினியக் குழாயையே விட்டுவிடுவது, காயிலின் வாயை ஒட்டி ஹோஸ் கிளிப் மாட்டுவது. இந்தக் கடைசி இரண்டையும் நிறையப் பேர் செய்கிறார்கள். கிளிப் என்பது ஷார்ட் ஆன ஒரு சுற்று. காயிலின் முனைக்கும் அதற்கும் நடுவில் குறைந்தது ஒரு விட்டம், அதாவது ஆறேழு செ.மீ., இடைவெளி இருக்கட்டும். இரண்டு அலுமினியத் துண்டுகளையும் ஃபைபர் கண்ணாடிக் கம்பால் இணைத்து, காயில் குழாய் அந்தக் கம்பைச் சுற்றி நிற்கட்டும். கறுப்பு நிறக் குழாய் என்றால் கரி கலந்திருக்கலாம். துண்டு ஒன்றை ஒரு டம்ளர் தண்ணீரோடு மைக்ரோவேவ் அடுப்பில் ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். குழாய் சூடேறினால் அது வேண்டாம்.

மின்னழுத்தத்தையும் மறக்க வேண்டாம். 100 வாட் கொடுத்தால் நடுக்காயிலின் இரு முனைகளுக்கு இடையே 1,200 வோல்ட்டை ஒட்டி வரும். உச்சம் 1,650 வரை போகும். நாலு மீட்டர் உயரத்தில் வைத்த 33 மைக்ரோஹென்றிக் காயிலில் இது 2,000 வோல்ட்டைத் தாண்டிவிடும். கடற்காற்றில் உப்புப் படிந்து, மேலே மார்கழிப் பனியும் இறங்கினால் குழாயின் பரப்பிலேயே பொறி ஓடும். காயிலுக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து மூடுங்கள், அடிப்பக்கம் திறந்திருக்கட்டும். முழுக்க சீல் செய்தால் உள்ளே வேர்த்து நிற்கும். செம்பும் அலுமினியமும் நேராகத் தொடும் இடம் ஒரே மழைக்காலத்தில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப்போகும், நடுவில் ஸ்டெயின்லெஸ் வாஷர் போடுங்கள்.

சரி, இப்போது அந்த நாலாவது கேள்வி.

பெரம்பூரில் இருந்தபோது நான் கட்டிய முதல் வெர்ட்டிகலும் உங்களுடையதைப் போல ஐந்து மீட்டர்தான். அடிக்காயில். தரை என்று மாடித் தண்ணீர்க் குழாயில் ஒரு கிளிப் போட்டுவிட்டேன். எஸ்.டபிள்யூ.ஆர்., அதாவது கேபிளோடு ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எண் (1 என்றால் முழுப் பொருத்தம்), 1.1 வந்தது. சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு வாரம் கூப்பிட்டும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஓ.எம். (சக ஹாம்) ஒருவர் சொன்னாரென்று மாடித் தளத்தில் எட்டு வயர்களை ரேடியலாக, அதாவது கம்பத்தின் அடியிலிருந்து ஆரக்கால் போல, விரித்தேன். எஸ்.டபிள்யூ.ஆர். 2.5க்கு ஏறிவிட்டது. கெட்டுவிட்டது என்று எல்லாவற்றையும் சுருட்டி வைத்தேன். அந்த வயர்கள் ஆறு மாதம் பரணில் கிடந்தன.

நடந்தது என்னவென்று பிறகுதான் கணக்குப் போட்டேன். கதிர்வீச்சு மின்தடை 6, காயில் ஒன்றரை, தண்ணீர்க் குழாய்த் தரை நாற்பது சொச்சம். கூட்டினால் 48 ஓம். 50 ஓம் கேபிளுக்கு அச்சாகப் பொருந்தும். ஆனால் அந்த 48இல் 6தான் கதிர்வீச்சு என்பதால் 100 வாட்டில் 12 வாட்தான் அலையாகிப் போனது, மற்றது கட்டடத்தைச் சூடாக்கியது. ரேடியல் விரித்ததும் தரை இழப்பு 12 ஓமுக்கு இறங்கி, மொத்தம் 20 ஓம் ஆனது. எஸ்.டபிள்யூ.ஆர். ஏறியது, கதிர்வீச்சோ 12இலிருந்து 30 வாட்டாக உயர்ந்தது. அதைத்தான் நான் சுருட்டிப் பரணில் போட்டேன். டம்மி லோடுக்கும் (அலை அனுப்பாமல் எல்லாவற்றையும் சூடாக்கும் சோதனை மின்தடைக்கும்) எஸ்.டபிள்யூ.ஆர். 1தான் என்பதை ஒரு தாளில் எழுதி ரிக்கின், அதாவது ரேடியோப் பெட்டியின், மேல் ஒட்டிவைத்திருக்கிறேன்.

உங்கள் கணக்கைப் பாருங்கள். சுமாரான ரேடியல்களோடு தரை இழப்பு 15 ஓம் என்று வைப்போம். அடிக்காயில் என்றால் 27 சதவீதம் கதிர்வீச்சாகும். இதே அடிக்காயிலின் கியூவை 250இலிருந்து 500க்கு ஏற்றுவதற்காக வெள்ளி முலாம் பூசினாலும் அது 28ஐத் தாண்டாது. காயிலை நடுவுக்கு ஏற்றினால் 40. நாலு மீட்டருக்குக் கொண்டுபோனால் 45. அந்த ஐந்து சதவீதத்துக்காக இரண்டு மடங்குக்கு மேலான காயிலைக் காற்றில் தூக்கி நிறுத்த வேண்டும். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்ததைப் பார்த்தவர்கள் அதற்குத் துணிய மாட்டார்கள். தரை இழப்பை 15இலிருந்து 5 ஓமுக்கு இறக்கினால் நடுக்காயிலோடு 61 சதவீதம். காயிலை என்ன செய்தாலும் இந்தத் தாவல் கிடைக்காது.

மொட்டை மாடியில் நிஜத் தரை பத்து மீட்டர் கீழே இருக்கிறது. அங்கே எர்த் கம்பி இறக்குவது மின்னலுக்கும் பாதுகாப்புக்கும் வேண்டும், ஆனால் ஆன்டெனாவுக்கு அது தரை ஆகாது. மாடியிலேயே செயற்கையாக ஒரு தரை போட வேண்டும். கைப்பிடிச் சுவரை ஒட்டி 10 மீட்டர் வயர்கள் நாலை வளைத்து ஓட்டலாம், எதிரெதிராக இரண்டு இரண்டாக. இல்லையென்றால் மூன்று நாலு மீட்டர் வயர்களைப் பதினாறு இருபது என்று தளத்தில் விரிக்கலாம். குட்டைக் கம்பத்துக்கு, இருக்கும் வயரில் சில நீள ரேடியல்களைவிடப் பல குட்டை ரேடியல்கள் நல்லது. விலை மலிவான வீட்டு வயரிங் கம்பியே போதும், இன்சுலேஷனை உரிக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: 10 மீட்டர் ரேடியலின் நுனியில் அதிக மின்னழுத்தம் நிற்கும். துணி உலர்த்த வருபவர் கைபடும் இடத்தில் அந்த நுனி வரக்கூடாது. சங்கத்தின் அடுத்த தீர்மானம் அதைப் பற்றியதாகிவிடும்.

ரேடியலை நன்றாகப் போட்டபின் நடுக்காயிலோடு அடியில் மொத்த மின்தடை 19 ஓம் அளவுக்கு இறங்கி, எஸ்.டபிள்யூ.ஆர். 2.6 காட்டும். பயப்படாதீர்கள், நல்ல அறிகுறி. இதைச் சரிசெய்யக் கம்பத்தின் அடியிலிருந்து ரேடியல் சந்திப்புக்கு ஒரு சின்னக் காயில் போட வேண்டும். 0.9 மைக்ரோஹென்றி: 4 செ.மீ. விட்டத்தில் 5 சுற்று, இரண்டரை செ.மீ. நீளம். இதைப் போட்டபின் உச்சிக் கம்பியைக் கொஞ்சம் உள்ளே தள்ளி ஆன்டெனாவைச் சற்றுக் கெப்பாசிட்டிவ் பக்கம் கொண்டுவந்தால் 50 ஓம் கிடைக்கும். கம்பத்தில் சேரும் நிலை மின்னேற்றமும் இதன் வழியே வடிந்துவிடும். எஸ்.டபிள்யூ.ஆர். 2க்குள் அடங்கும் அகலம் 110 கிலோஹெர்ட்ஸ் அளவுதான் இருக்கும். யாராவது தங்கள் குட்டை ஆன்டெனா பேண்டு முழுக்கத் தட்டையாக இருக்கிறது என்று பெருமைப்பட்டால், தரை இழப்பு எவ்வளவு என்று கேளுங்கள்.

காயிலைச் சிறிதாக்க இன்னொரு வழி, உச்சியில் தொப்பி வைப்பது. சைக்கிள் சக்கரம் மாதிரி, அரை மீட்டர் ஆரக்கம்பிகள் நாலைக் குறுக்காக நீட்டி, நுனிகளை ஒரு கம்பியால் வளையமாக இணைத்தால் சுமார் 20 முதல் 30 பிக்கோஃபாரட் சேரும். நடுக்காயில் 15 மைக்ரோஹென்றியிலிருந்து பாதிக்கும் கீழே இறங்கிவிடும். மின்னோட்டமும் நுனிவரை தாக்குப்பிடிக்கும். காற்றுக்குப் பிடிமானம் கூடும், ஆகவே மூன்று பக்கம் நைலான் கயிறு கட்டாமல் நிறுத்தாதீர்கள்.

என் மொட்டை மாடியாக இருந்தால் இவ்வளவும் செய்ய மாட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஐந்து மீட்டர் கம்பத்தின் உச்சியிலிருந்து சாதாரண வயரை ஐந்து மீட்டருக்கும் சற்று அதிகமாகக் கிடைமட்டமாக இழுத்து, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒரு மூங்கிலில் கட்டிவிடுவேன். தலைகீழ் ‘ட’ மாதிரி நிற்கும். காயில் வேண்டாம், கால் அலைநீளம் தானாகக் கிடைக்கிறது. கதிர்வீச்சு மின்தடை 18 ஓம். அதே 15 ஓம் தரையோடு 55 சதவீதம், அதாவது உச்சிக்குக் கொண்டுபோன காயிலைவிடவும் மேல். தெருப்பக்கம் மின்வாரியக் கம்பிகள் போனால், அறுந்து விழுந்தாலும் அந்தப் பக்கம் எட்டாத திசையில்தான் இழுக்க வேண்டும். இரண்டாவது கம்பத்துக்கு இடமே இல்லை என்றால்தான் காயில்.

யாரோடு பேச ஆசைப்படுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பகலில் கோவைக்கும் மதுரைக்கும் பேசுவதுதான் நோக்கம் என்றால் அந்த நானூறு சொச்சம் கிலோமீட்டருக்கு அலை கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறி இறங்க வேண்டும். வெர்ட்டிகல் தலைக்கு மேலே அனுப்புவது மிகக் குறைவு. தாழ்வாகக் கட்டிய இன்வெர்ட்டட் வீ டைபோல் (நடுவில் உயர்ந்து இரு பக்கமும் சரியும் இரண்டு கை வயர் ஆன்டெனா) அதைவிட நன்றாகக் கேட்கும், பக்கத்து வீட்டு எல்இடி விளக்குகளின் இரைச்சலையும் குறைவாக வாங்கும். இடம் போதாவிட்டால் அதன் இரு கைகளிலும் ஒவ்வொரு காயில் வைக்கலாம், மேலே சொன்ன சூத்திரமே அதற்கும் உதவும். ராத்திரி வெளிநாடுகளைப் பிடிக்க வேண்டும் என்றால் வெர்ட்டிகல் சரி.

கட்டி முடித்ததும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரைத் தூர வைத்துவிட்டு, கம்பத்தின் அடியிலேயே நானோ வி.என்.ஏ. என்ற ஆன்டெனா அளக்கும் சின்னக் கருவியை மாட்டி, அடியில் போட்ட சின்னக் காயிலைக் கழற்றிவிட்டு, ரியாக்டன்ஸ் பூஜ்யமாகும் இடத்தில் மின்தடை எத்தனை ஓம் என்று பாருங்கள். அதிலிருந்து நடுக்காயிலுக்கு 12ஐயும் காயில் இழப்பாக இரண்டரையையும் கழித்தால் மீதி தரை. ரேடியல்களை நாலு நாலாகச் சேர்த்துக்கொண்டே அந்த எண் இறங்குவதை எழுதிவையுங்கள். இறங்குவது நின்றதும் வயர் வாங்குவதையும் நிறுத்திக்கொள்ளலாம்.